மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆய்வு: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

(எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கும் குடும்பத்தாருக்கும் தருமபுரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பர்களே, ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி. மாத்திரை தரும் மையம்) மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "முழுசா குணமாக்குற மருந்து வந்துடுச்சாமே?" வரவில்லை. அதைத் தேடும் ஆய்வுகள்தான் நடக்கின்றன. அவற்றில் சில, மாத்திரையைக் கொஞ்ச காலம் நிறுத்தச் சொல்லும். அப்படி ஓர் ஆய்வில் சேரும் முன் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பெர்லினில் திமோதி ரே பிரவுன் என்பவர், எலும்பு மஜ்ஜை மாற்றியபின் எச்.ஐ.வி.யிலிருந்து குணமானது உண்மை. ஆனால் 2007-இல் அவருக்கு மஜ்ஜை மாற்றியது ரத்தப் புற்றுநோய்க்காக. எச்.ஐ.வி.க்காக மட்டும் அதை யாருக்கும் செய்வதில்லை. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது.

மாத்திரை, பெருகும் வைரஸைத்தான் அடக்குகிறது. சில வெள்ளணுக்களுக்குள் வைரஸ் செயலற்றுப் பதுங்கிக் கிடக்கிறது. அதை மாத்திரை தொடுவதில்லை. பதுங்கியது ஒழிந்ததா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை. அதனால் இந்த ஆய்வுகளில் கடைசியில் மாத்திரையை நிறுத்தித்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் திரும்பிவிடுகிறது. பாஸ்டனில் மஜ்ஜை மாற்றிய இருவரில் ஒருவருக்கு 12 வாரத்திலும் மற்றவருக்கு 32 வாரத்திலும் திரும்பியது. மிசிசிப்பியில் ஒரு குழந்தைக்கு 27 மாதம் கழித்து! ஆகவே முதல் மாதம் தப்பித்தால் வென்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

இப்படிப்பட்ட ஆய்வில் சேருகிறவருக்குப் பலன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். ஆரம்பக்கட்ட ஆய்வில் நீங்கள் பெறுவதைவிடக் கொடுப்பதே அதிகம். பணம் கட்டச் சொன்னால் அது ஆய்வே அல்ல. எய்ட்ஸைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. 

மாத்திரை நிறுத்திய காலத்தில் வாரம் ஒருமுறை, அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பென்னாகரத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ பெங்களூருக்கு, சென்னைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசு மட்டும் தருவார்களா, கூலியும் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். மாம்பழ சீசனிலோ ஆடிப்பெருக்கிலோ ஒரு வாரம் தவறினால், அந்த ஒரு வாரத்தில் வைரஸ் பல மடங்கு ஏறியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. தள்ளிப்போட முடியாத வேலை உள்ளவர் சேராமல் இருப்பதே நல்லது.

எந்த அளவு தாண்டினால் மாத்திரையை மறுபடி தொடங்குவார்கள் என்பதை எண்ணாகக் கேளுங்கள். சிடி4 (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) 350-க்குக் கீழே போனாலா? வைரஸ் அளவு எத்தனை, எத்தனை வாரம் நீடித்தால்? "டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்பது பதிலாகாது. இடைவெளி விட்டுவிட்டு மாத்திரை கொடுத்த பெரிய ஆய்வு ஒன்றில் நோயும் இறப்பும் கூடின. 2006-இல் முடிவு வந்தது. அதனால்தான் இப்போது இவ்வளவு கண்டிப்பு.

கல்லீரல் பற்றியும் ஒரு சொல். நம் மாத்திரையிலுள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைட்டிஸ் பி-யையும் சேர்த்தே அடக்குகின்றன. அந்தத் தொற்று இருப்பவர் நிறுத்தினால் கல்லீரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்தத் தொற்று உண்டா என்று பரிசோதிக்காமல் நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கும்வரை உடலுறவில் துணைக்குப் பரவாது. நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். துணைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை யார் தருவார்கள் என்று கேளுங்கள். வீட்டில் சொல்லாதவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். அவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், பிரதி உங்களுக்கு வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வைச் சேராத ஒரு சாட்சி உடனிருந்து கையெழுத்திட வேண்டும். சில புதிய மருந்து ஆய்வுகளில் ஒப்புதலை வீடியோ எடுப்பது 2019 விதி, எச்.ஐ.வி. மருந்துக்கு ஒலிப்பதிவு மட்டும்தான். கேமராவை நீட்டினால் மறுக்கலாம். படிவத்தில் வாரிசுதாரர் பெயர் கேட்பார்கள், அது இழப்பீட்டுக்காக. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் விதியிலேயே உண்டு. வீட்டுக்குக் கடிதம் வேண்டாம், எந்த நேரம் போன் செய்யலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகரிடமே சொல்லுங்கள்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏ.ஆர்.டி. மையத்தில் உங்கள் பதிவை விட்டுவிடாதீர்கள். நிறுத்துகிற அன்றே, மறுபடி தொடங்குவதற்கான ஒரு மாத மாத்திரை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.