பூம்பாறையில் ஒரு காலை: பறவையை அதன் ஊரோடு சேர்த்துப் படம் எடுப்போம்

(காட்சி: பனிமூட்டம். அதற்குள்ளிருந்து படிப்படியான வயல்கள் மெல்லத் தெரிகின்றன.)

வணக்கம். மணி காலை ஆறரை. கொடைக்கானலில் இருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி, பூம்பாறைக்கு மேலே ரோட்டோரம் நிற்கிறோம். கீழே படிப்படியாக இறங்குகிறதே அந்த வயல்கள், அங்கேதான் மலைப்பூண்டு விளைகிறது, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டு. நடுவில் குழந்தை வேலப்பர் கோயில், அதைச் சுற்றி நெருக்கமாக வீடுகள்.

இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான். பறவையை அது வாழ்கிற இடத்தோடு சேர்த்து எடுப்பது. பெரிய லென்ஸ் போட்டு, ஃபிரேம் முழுக்கப் பறவையை நிரப்பி, பின்னணி வழுவழுவென்று பச்சையாகக் கரைந்துபோன படங்கள் நம் எல்லோரிடமும் நிறைய இருக்கின்றன. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நாம் நிற்கிற இந்தப் பழனி மலைத்தொடரில் எடுத்ததா, பாளையங்கோட்டையில் ஒரு தோட்டத்தில் எடுத்ததா என்று கேட்டால், படத்துக்குள் பதில் இருக்காது. இந்தக் குளிரும் இந்த வரப்பும் இல்லாமல் இந்தப் பறவையைக் காட்டினால் பாதியைத்தான் காட்டினோம் என்று எனக்குத் தோன்றும்.

(காட்சி: வேலிக்கம்பின் நுனியில் ஒரு கறுப்புக் குருவி.)

இதோ, புதர்ச்சிட்டு. ஆண். உடம்பு கரிக்கறுப்பு, வாலடியில் வெள்ளை, இறக்கையில் ஒரு வெள்ளைத் தீற்றல். உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தீற்றல் கொஞ்சமாகத்தான் தெரியும், பறந்தால் பளிச்சென்று விரியும். பெண் தவிட்டு நிறம், வாலடியில் துரு நிறம். இதைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம், வயலோரக் கம்பும் கல்லும் போதும் அதற்கு.

கேமராவைத் தூக்காமல் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். கம்பிலிருந்து விசுக்கென்று தரைக்கு இறங்குகிறது, ஒரு பூச்சியைக் கொத்துகிறது, திரும்ப மேலே வருகிறது, பெரும்பாலும் அதே கம்புக்கு, இல்லையென்றால் பக்கத்துக் கம்புக்கு. அப்படியானால் நாம் துரத்த வேண்டியது குருவியை அல்ல. காலியாக இருக்கும் கம்பை வைத்தே படத்தை அமைத்துவிடலாம்: கம்பு ஒரு ஓரத்தில், பின்னால் வயல் வரப்புகள், முடிந்தால் மேல் மூலையில் கோயில். ஃபோகஸைக் கம்பின் நுனியில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். 100 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 8-இல் வைத்தால், பின்னணி கூர்மையாக வராது, ஆனால் வரப்பு வரப்பாகவும் வீடு வீடாகவும் அடையாளம் தெரியும். நமக்கு வேண்டியது அதுதான். உட்கார்ந்த குருவிக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும், எழும்புகிற நேரத்தைப் பிடிக்க 1/2000-க்குப் போங்கள்.

அடுத்து மூட்டம். இங்கே பலர் தடுமாறுவது இதில்தான். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளை மூட்டத்தைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து படத்தை இருட்டாக்கிவிடும். மூட்டம் அழுக்குத் துணி போல ஆகிவிடும், புதர்ச்சிட்டு வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும். அதனால் கேமராவின் கணக்கை நாமே கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். இப்போது இந்த இரண்டு படத்தையும் பாருங்கள், இரண்டாவதில் கழுத்து இறகு தனித்தனியாகத் தெரிகிறது, கண்ணில் ஒரு ஒளிப்புள்ளியும் இருக்கிறது.

ஒரு முறை இதே ரோட்டில் நல்ல குளிரில் இருந்து நேராக ஒரு டீக்கடைக்குள் போனேன், கேமரா கழுத்தில் தொங்க. பாய்லர் ஆவி, அடுப்புச் சூடு. ஒரு நிமிடத்தில் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிட்டது, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வெளியே அதற்குள் மூட்டம் விலகி, வெயில் வயலில் விழுந்து, அந்த அரை மணி நேரமும் போயே போய்விட்டது. குளிர்ந்த கண்ணாடி மேல் ஈரமான சூட்டுக் காற்று பட்டால் அப்படித்தான். உள்ளே போகும் முன்பே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள், அது மெதுவாகச் சூடேறட்டும்.

(காட்சி: சோலைக்காட்டின் ஓரம். பாசி படிந்த கிளைகள்.)

சரி, சோலைப் பக்கம் போவோம். இந்தச் சத்தம் கேட்கிறதா? பழனி சிரிப்பான். வெள்ளைப் புருவம், சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு. நீலகிரியில் இருப்பது இதன் உறவுக்காரப் பறவை, நீலகிரி சிரிப்பான், அதற்கு மார்பும் செம்பழுப்புதான். இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். உயரமான மலையை விட்டு இறங்காத பறவைகள் என்பதால் அந்தத் தாழ்வான இடைவெளியே வேலி போல ஆகி, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று எனப் பிரிந்துவிட்டன. இப்படிப்பட்ட பறவையை மலை தெரியாமல் எடுப்பதில் என்ன இருக்கிறது? பாசிக் கிளையையும் சேர்த்து எடுங்கள். பின்னால் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த சீகை (வாட்டில்) மரமோ பைன் மரமோ தெரிந்தாலும் ஒதுக்காதீர்கள், இன்றைய பழனி மலை அவற்றோடும் சேர்ந்ததுதான்.

வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200 வரை கூட்டலாம், ஃபிளாஷ் வேண்டாம். செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம். எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று நம்பி, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது இல்லாத எதிரியைத் தேடி அலையும். கூடு கண்ணில் பட்டால் படம் எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள். காட்டுமாடு நின்றால் நல்ல தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

வயலில் இறங்குவதானாலும் கேட்டுவிட்டு இறங்குங்கள். இன்று காலை பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவரிடம், "அக்கா, இந்த வரப்புல நின்னு ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்துக்கோங்க தம்பி, பாத்தியில மட்டும் கால் வெச்சுராதீங்க" என்றார்.

(காட்சி: அதே வரப்பு. காலியான வேலிக்கம்பு.)

அந்த வரப்பில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். மூட்டம் கோயில் பக்கம் விலகுகிறது, கூட்டி வைத்த ஒரு ஸ்டாப்பைப் பூஜ்யத்துக்குத் திருப்பியாயிற்று. சிட்டு கீழே பாத்தியோரம் எதையோ கொத்துகிறது. ஃபோகஸ் கம்பின் நுனியில் இருக்கிறது.

(காட்சி: சிட்டு கம்புக்கு வருகிறது. ஷட்டர் சத்தம்.)