காலண்டரில் இரண்டு வட்டங்கள்

ஐ.பி.எஸ். என்று நான் சொன்னதும் முன்வரிசையில் ஓர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். காவல்துறை அதிகாரி இல்லையம்மா, நான் பேச வந்தது குடலைப் பற்றி. எரிச்சல் குடல் நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். வயிறு வலிக்கும். சில நாள் மலம் இளகிப் போகும், சில நாள் இறுகிக் கிடக்கும். ஸ்கேன் எடுத்தால் ‘ஒன்றும் இல்லை’ என்று வரும். வீட்டில் உடனே ‘எல்லாம் மனப்பிரமை’ என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படும் நோய் இது.

என்னிடம் வந்த ஒரு பெண், பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரை மேசையில் விரித்தார். நீல வட்டம் மாதவிடாய் தொடங்கிய நாள். சிவப்பு வட்டம் நாலைந்து முறை கழிப்பறைக்கு ஓடிய நாள். நான்கு தாள்களிலும் இரண்டு வட்டங்களும் ஒட்டியே இருந்தன. அதற்கு முந்தைய வாரம் முழுக்க ‘உ’ என்று எழுதியிருந்தார். “பிள்ளையார் சுழி இல்லை டாக்டர், உப்புசம்” என்றார். பாதி நோயை அவரே கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

கருமுட்டை வெளியான பின் ப்ரோஜெஸ்டிரோன் ஹார்மோன் உயர்கிறது. கருப்பையின் தசையை அமைதியாக வைத்திருப்பது அதன் வேலைகளில் ஒன்று. குடல் சுவரிலும் இருப்பது அதே வகைத் தசைதான்; அதையும் சேர்த்துத் தாலாட்டிவிடுகிறது. குடல் மந்தமாகிறது, உப்புசமும் மலச்சிக்கலும் வருகின்றன. மாதவிடாய் நெருங்கும்போது அந்த ஹார்மோன் சரிகிறது. கருப்பையின் உள்வரி ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து கருப்பையைப் பிழிகிறது. அடுத்த வீட்டில் இருக்கும் குடலும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது.

இது எல்லாப் பெண்களுக்கும் ஓரளவு நடப்பதுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். 2002-இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மலக்குடலில் சிறு பலூனை வைத்து, மெல்லக் காற்றடைத்துப் பார்த்தார்கள். இந்த நோய் உள்ள பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் குடலின் கூருணர்வு கூடியது. நோய் இல்லாத பெண்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதே முறுக்கல், ஆனால் கேட்கும் காது கூர்மையாகிவிட்டது. மனப்பிரமை என்றவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ‘உ’ வாரத்தில் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியும் தண்ணீரும். வெங்காயம், பூண்டு, பருப்பைக் கொஞ்சம் குறைப்பது. நீல வட்டத்தன்று உணவுக்குப் பின் மெஃபெனாமிக் அமில மாத்திரை. அது ப்ராஸ்டாகிளாண்டின் சுரப்பைக் குறைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போதே உயிர் போகிற வலி, தாம்பத்தியத்தின்போதும் வலி என்றால் அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்; கருப்பையின் உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. குடல் நோய் என்று பெயர் வாங்கிப் பல ஆண்டுகள் ஒளிந்திருக்கும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகை என்றால் ‘மாதவிடாயால்தான்’ என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள்.

வாசலருகே மேசையில் மாதக் காலண்டர்கள் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மட்டும் உங்களுடையது.