அதிகச் சத்தம் போடும் காலர் எது?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் எஸ்ட்கோர்ட் பக்கம் ஆடு வளர்க்கும் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “அண்ணா, இந்தக் குளிர்காலத்தில் ஐந்து குட்டிகளை நரி கடித்துப் போட்டுவிட்டது. விலை குறைந்த எலக்ட்ரானிக் காலர்களில் அதிகச் சத்தம் போடுவது எது?” இந்தக் கடைசிச் சொற்கள் இரண்டு நாளாக என்னை உறுத்துகின்றன; முதன்முதலில் கடைக்குப் போனபோது நானும் இதையேதான் கேட்டேன். காலர் என்றால் கழுத்துப்பட்டை இல்லை; விலங்குகளின் குரலை ஒலித்து நரியைச் சுடும் தூரத்துக்கு வரவழைக்கும் கருவி.

அன்று வாங்கியதை முழுச் சத்தத்தில் வைத்தேன். அடிபட்ட முயலின் அலறல், கிழிந்த ஒலிபெருக்கியில் வரும் கோயில் பாட்டைப் போல இரைந்தது. வேலியோரம் வந்த கருமுதுகு நரி ஒரு கணம் காதை விறைத்து நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 டெசிபல் தரும் கருவி, 100 மீட்டரில் 70 டெசிபல், அதாவது அருகில் நின்று உரக்கப் பேசும் குரலளவு தரும். காற்றில்லாத இரவில் நரியின் காதுக்கு அது தாராளம். ஆகவே பாதிச் சத்தத்தில் பிசிறில்லாமல் ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் ரிமோட். நம் பழைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு இது புளித்துப் போயிருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: நரி ஒலியை நோக்கி நேராக வராது, சுற்றி வளைத்துக் காற்று போகும் பக்கம் வந்து மோந்து பார்க்கும். அதனால் ஒலிபெருக்கியை உங்களிடமிருந்து நாற்பது, ஐம்பது தப்படி தள்ளி வைத்து, அந்தப் பக்கம் உங்கள் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். இடையில் ஒரு கரையான் புற்று வந்தாலும் ரிமோட் வேலை செய்ய வேண்டும். கடையின் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எல்லா ரிமோட்டும் வேலை செய்யும். கருவியை முற்றத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, கட்டடத்துக்குப் பின்னால் போய் அழுத்திப் பாருங்கள்.

அடுத்தது, நாமாக ஒலி ஏற்றும் வசதி. ஃபாக்ஸ்ப்ரோ போன்றவை அமெரிக்கக் கருவிகள். அவற்றில் அந்த நாட்டு நரி போன்ற விலங்கான கயோட்டியின் ஊளை நிறைய இருக்கும். முயலின் அலறல் இங்கேயும் செல்லும், கயோட்டியின் ஊளையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? நம் நரியின் ஊளையையும் ஆட்டுக்குட்டியின் கத்தலையும் ஏற்ற முடியாத மலிவுக் கருவி மலிவே அல்ல. நம் டிராகன்ஸ்பெர்க் மலை அடிவாரக் குளிரில் சாதாரண பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி அதைவிடத் தாங்கும். விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் மாறுவதால், இரவில் காலர் வைத்து நரியைக் கூப்பிடுவதற்கு முன், நம் மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வெலோவின் அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த நண்பர் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, கடித்தது நரிதானா என்பதை. நரி பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும். ஊர்நாய் பின்தொடையையும் விலாவையும் கண்டபடி குதறும். ரூய்காட் என்னும் காட்டுப்பூனையாக (கேரகல்) இருந்தால் கழுத்திலும் தோளிலும் நகக்கீறல் இருக்கும். பூனை என்றால் கால் மணி நேரத்தில் எழுந்துவிடாதீர்கள், அது பதுங்கிப் பதுங்கி மெதுவாகத்தான் வரும். நாய் என்றால் எந்தக் காலரும் வேண்டாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். இனி ஒரு குட்டி செத்துக் கிடந்தால், புதைப்பதற்கு முன் கழுத்துத் தோலை உரித்து உள்பக்கம் பாருங்கள், பல் பதிந்த இடம் அங்கேதான் தெரியும்.