பிளவுபடாத உள்ளத்தோடு செபிப்பது

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். செபிக்க அமர்ந்த சிறிது நேரத்திலேயே மனம் முடிக்காத வேலைக்கும், அடைக்காத கடனுக்கும், யாரோ சொன்ன சுடுசொல்லுக்கும் ஓடிவிடுவதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். செபமாலையில் தியானிக்கும் நிகழ்வுகளான மறைபொருள்களுள் எதில் இருக்கிறோம் என்பதுகூடச் சில வேளைகளில் மறந்துபோகிறது. இதனால் சோர்ந்து, முழு மனத்தையும் இறைவனுக்குக் கொடுக்கத் தமக்குத் தகுதியில்லை என்று செபத்தையே கைவிடுகிறவர்களை எண்ணியே இன்று பேசுகிறேன்.

முழு இதயத்தோடும், முழு உள்ளத்தோடும், முழு மனத்தோடும், முழு ஆற்றலோடும் ஆண்டவரிடம் அன்புகூர வேண்டும் என்பதே முதன்மையான கட்டளை என்று இயேசு கற்பித்தார். அவர் கேட்பது அன்பை. வேறு நினைவே எழாத மனத்தையன்று. பராக்கு, அதாவது செபத்தில் மனம் சிதறுவது, தானாக வருவது வேறு, வந்ததை விரும்பி வளர்ப்பது வேறு.

ஸ்பெயின் நாட்டின் அவிலா நகரப் புனித தெரேசாவை நினைத்துப் பாருங்கள். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுமைக்கும் போதனை ஆசிரியராக, அறிவித்த இவர்தான் அப்பெருமையைப் பெற்ற முதல் பெண். செபத்தின் ஆசிரியை என்று திருச்சபை போற்றும் இவரே, 1535-இல் கார்மேல் சபைத் துறவற மடத்தில் சேர்ந்த பிறகு, பல ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குச் செவிசாய்த்துக் காத்திருந்ததாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கையில் நூல் இல்லாமல் செபிக்கத் தொடங்கவே அஞ்சினார். அது மட்டுமன்று, இறைவன் முன் நிற்கத் தகுதியற்றவள் என்ற எண்ணத்தால் உள்ளத்துக்குள் இறைவனோடு உரையாடும் மனச் செபத்தையே ஓராண்டுக்கும் மேலாக விட்டுவிட்டார். தாழ்ச்சியின் வேடத்தில் வந்த அந்தச் சோதனையே தம் வாழ்வின் மிகப் பெரும் ஆபத்து என்று பின்னாளில் உணர்ந்தார். மறுபடியும் சொல்கிறேன்: பராக்கைவிட, பராக்கினால் செபத்தை விட்டதையே அவர் பேராபத்தாகக் கண்டார். திரும்பி வந்தபோதும் மனம் உடனே அடங்கிவிடவில்லை. ஆயினும், தம்மை வற்புறுத்திக்கொண்டு செபித்த நாள்களில், விருப்பத்தோடு செபித்த சில நாள்களைவிட மிகுந்த அமைதி கிடைத்ததாக அவர் சான்று பகர்கிறார்.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதே வழியைக் காட்டுகிறது. பராக்குகளைத் துரத்திப் பிடிக்கப் புறப்பட்டால் அவற்றின் வலையிலேயே விழுவோம் என்றும், நம் இதயத்துக்குத் திரும்புவதே போதும் என்றும், நம் பற்று எங்கே இருக்கிறது என்பதைப் பராக்கு காட்டிவிடுகிறது என்றும் அது கற்பிக்கிறது. ஆகவே, செபத்தில் பணத்தைப் பற்றிய கவலை மீண்டும் மீண்டும் எழுந்தால், அதை மறைக்காமல் ஆண்டவரிடமே சொல்லுங்கள். அப்போது நம்மைப் பிரித்த அதே கவலை செபமாகிவிடுகிறது. கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேரப் பணிவிடை செய்ய முடியாது என்ற ஆண்டவரின் எச்சரிக்கையை நம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கவும் அதுவே தக்க தருணம்.

நற்கருணை முன் அமைதியாக அமர்வதைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். துணைசெய்ய விரைந்து வருமாறு கடவுளை அழைக்கும் எழுபதாம் திருப்பாடலின் முதல் அடியை, உண்ணும்போதும் உறங்கும்போதும் சோதனையின்போதும் சொல்லுமாறு பழங்காலத் துறவி யோவான் கசியான் பரிந்துரைத்தார். திருச்சபையின் அன்றாட வேளைச் செபமான திருப்புகழ்மாலையின் மாலைச் செபம் இன்றும் அந்த அடியோடுதான் தொடங்குகிறது. மனம் சிதறும்போதெல்லாம் அதைச் சொல்லி ஆண்டவரிடம் திரும்புங்கள். நன்றி, வணக்கம்.