ஜாவா, யெஸ்டி: அடுத்து என்ன வண்டி வரணும்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஜாவா, யெஸ்டி பைக்ல இனிமே என்ன மாடல் வரும்னு பேசச் சொன்னாங்க, ஆனா பழசைத் தொடாம புதுசைப் பத்திப் பேச எனக்கு வராது.

மைசூர்ல ஐடியல் ஜாவா கம்பெனி 1961ல வண்டி போட ஆரம்பிச்சாங்க, 1973ல இருந்து யெஸ்டின்னு பேர் வச்சாங்க, 1996ல மூடிட்டாங்க. எங்க மாமா கிட்ட யெஸ்டி ரோட்கிங் ஒண்ணு இருந்துச்சு. அதுல கிக்கரும் கியரும் ஒரே ராடுதான், இடது பக்கம். உள்ள அமுக்கித் தூக்கினா கிக்கர், உதைச்சு ஸ்டார்ட் ஆனதும் முன்னாடி தள்ளிட்டா கியர். புதுசா வண்டியைத் தொடுறவங்க கிக்கர் எங்கன்னு வலது பக்கம் குனிஞ்சு தேடுவாங்க! ஏலகிரி வளைவுல வண்டி இழுக்கலன்னா மாமா நேரா எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் கிட்ட விடுவாரு. அவரு சத்தத்தைக் கேட்டே சொல்லிடுவாரு, கரி அடைச்சிருக்குன்னு. பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓடுற வண்டியாச்சே. ரெண்டு சைலன்சரையும் கழட்டி, உள்ள சத்தத்தைக் குறைக்க வச்சிருக்கிற பேஃபிளை உருவி நெருப்புல வாட்டித் தட்டுவாரு, கரி பாளம் பாளமா விழும், மாட்டி உதைச்சா பழைய சத்தம் வந்துடும். இதுக்கு அவரு எந்த ட்ரெயினிங்கும் போகல. வருசக்கணக்கா அதே இன்ஜின், அதான் கை பழகிடுச்சு. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கங்க, திரும்ப வரேன்.

2018 நவம்பர்ல மஹிந்திரா துணையோட கிளாசிக் லெஜண்ட்ஸ்ங்கிற கம்பெனி ஜாவாவைத் திரும்பக் கொண்டு வந்தாங்க, 2022ல யெஸ்டி. ஆயில் கலந்து ஓடுற அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் திரும்ப வருமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, இப்ப இருக்கிற புகை விதிக்கு அது ஒத்து வராதுங்க, அந்த ஆசையை விட்டுடலாம். இப்ப வர்றது ஃபோர் ஸ்ட்ரோக், ரேடியேட்டர் வச்ச இன்ஜின். ஜாவா பெராக், பாபர், யெஸ்டி அட்வென்ச்சர், ரோட்ஸ்டர், 2024ல வந்த ஜாவா 42 எஃப்ஜே, எல்லாமே 334 சிசி குடும்பம்தான். ஒரே இன்ஜினை எத்தனை வண்டிக்குதான் மாட்டுவீங்கன்னு சிலர் குறை சொல்றாங்க. நான் அதைத்தான் நல்லதுன்னு சொல்றேன். ஒரே இன்ஜின் பத்து வருசம் ஓடினாதான் ஆம்பூர்ல, குடியாத்தத்துல இருக்கிற மெக்கானிக் பையனுக்கும் அந்த அண்ணன் மாதிரி கை பழகும், பார்ட்ஸும் உள்ளூர் கடைக்கு வந்து சேரும். அடுத்த மாடலுக்கு டேங்க் மாத்துங்க, சீட் மாத்துங்க, இன்ஜினை மாத்தாதீங்க. இதோட வெயிட்டைக் கொஞ்சம் குறைச்சு, ரோட்கிங் மாதிரி ஒரு சிம்பிள் வண்டி குடுங்க, நம்ம ஊரு ஆளுங்க வாங்குவாங்க.

நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க, பிஎஸ்ஏங்கிற பழைய இங்கிலாந்து பைக் பத்தி ஒரு வரி. அதுவும் கிளாசிக் லெஜண்ட்ஸ்தான், 652 சிசி கோல்ட் ஸ்டார் 2024ல இங்க வந்துச்சு, 2025ல இங்கிலாந்துல பேண்டம்னு ஒண்ணு காட்டினாங்க, அதுவும் அதே 334 தான். எலெக்ட்ரிக் பத்தி இன்னொரு நாள் கூப்பிட்டா பேசுறேன். வணக்கம்ங்க.