ஒரே அம்ப், ஒரே பெட்டி, அப் மாறினா சவுண்ட் ஏன் மாறுது?

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழ ஒராள் எழுதியிருக்கிறார், "அண்ணை, ஸ்பொட்டிஃபை அமுங்கிக் கேக்குது, அப்பிள் மியூசிக் பளிச்செண்டு இருக்குது, உங்கட பழைய அம்ப்தான் பிழை" எண்டு. என்ர அம்பைச் சொன்னா எனக்கு விசர் வருமெண்டு தெரியும்தானே!

வயரை மாத்திப் பாருங்கோ எண்டும் சொன்னவர். மாத்தினன். கிளிநொச்சி டவுனில ஒரு கடையில 1,450 ரூபா சொன்னவை. பரந்தனில அதே வயர், அதே நிறம், அதே பக்கற், 900! 550 ரூபா வித்தியாசமப்பா. பஸ் காசு போனாலும் ரீ குடிக்க மிச்சம் வரும். சரி, வயரால ஒண்டும் மாறேல்ல.

விசயம் சத்தத்தில இருக்குது. நாங்கள் நிப்பாட்டாட்டி, ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின்ர சராசரிச் சத்தத்தை அளக்கிற அலகு) எண்ட மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் போடும். இதுக்குப் பேர் நோர்மலைசேசன். அப்பிளில அதே வேலையைச் செய்யிற சவுண்ட் செக்கைப் போட்டா மைனஸ் 16, எண்டா இன்னும் கொஞ்சம் சத்தம் குறைவு. அதை நிப்பாட்டி வைச்சா புதுப் பாட்டெல்லாம் இதைவிடப் பலமாக் கேக்கும். எங்கட காது திருவிழா லவுட்ஸ்பீக்கர் மாதிரி, ஆர் கூடக் கத்துறானோ அவன்தான் வெண்டான். அந்தக் கொமன்ற் போட்டவருக்கு நடந்ததும் இதாத்தான் இருக்கும்.

நான் ரெண்டிலயும் உந்த நோர்மலைசேசனை நிப்பாட்டினன். பாட்டை டவுன்லோட் பண்ணி வைச்சன், ஏனெண்டா ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் விழ, ஓட்டோமட்டிக்கில விட்ட குவாலிட்டியும் சேர்ந்து விழும். ஸ்பொட்டிஃபையில காசு கட்டினா 320 கேபிபிஎஸ் (செக்கனுக்கு வாற டேட்டா அளவு, கூடினா குவாலிட்டி கூட) வரைக்கும், ஃப்ரீ எண்டா 160தான். அப்பிளின்ர ஏஏசி எண்ட அமுக்கின ஃபோர்மற் 256. லொஸ்லெஸ், அதாவது ஒண்டையும் வெட்டாமல் முழுசா வாற பாட்டு, அப்பிளில 2021இல வந்தது, ஸ்பொட்டிஃபையில 2025இலதான் வந்தது. ஆனா சாதாரணப் புளூடூத் திரும்பவும் அமுக்கித்தான் அனுப்பும். அந்தப் புளூடூத்தில லொஸ்லெஸ் கேக்கிறன் எண்டு சொல்லுறவையை என்ர கண்ணில காட்டாதேங்கோ!

ஆ, மறந்திட்டன், ஈக்குவலைசர், பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கிற செற்றிங்! அதைத்தான் முதல் பாக்கவேணும். எப்பவோ போட்டு மறந்திருப்பியள். இன்னொண்டு, பழைய பாட்டெண்டா ஒரு அப்பில பழைய சிடிப் பதிவும் மற்றதில ரீமாஸ்டரும், அதாவது பிறகு சவுண்டைத் திருத்தி விட்ட பதிப்பும், இருக்கலாம். அது உண்மையிலேயே வேற சவுண்ட்தான், அப்பைப் பேசிப் பிரயோசனமில்லை.

கடைசியில என்ர தம்பியை மற்றப் பக்கம் திரும்பி இருக்கச் சொல்லிப்போட்டு மாறி மாறிப் போட்டன். அப்பிள் ரசிகன் அவன். எது எதெண்டு கண்டுபிடிக்க ஏலாமல், "அண்ணை, நீ என்னவோ சுத்துறாய்" எண்டு எழும்பிப் போட்டான். என்ர அம்புக்கு ஒரு லைக் போடுங்கோ.