ஆர்கிப்போவ் வேறு கப்பலில் ஏறியிருந்தால்

(ஹிரோஷிமா நாளையொட்டித் திருச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். 1945-இல் இதே ஆகஸ்ட் 6-ஆம் தேதி, காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அந்த வருடம் முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்துபோனார்கள். ஆண்டுதோறும் அவர்களை நினைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறோம். இன்று நான் பேச வந்தது, அதற்குப் பிறகு வெடிக்க இருந்து வெடிக்காமல் போன குண்டுகளைப் பற்றி.

அணுகுண்டு இருப்பதால்தான் வல்லரசுகள் மோதிக்கொள்ளாமல் இருக்கின்றன என்று நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். நீ அடித்தால் நானும் அடிப்பேன், இரண்டு பேருமே மிஞ்ச மாட்டோம், அந்தப் பயமே காவல். டிடெரன்ஸ் என்பது இவ்வளவுதான். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. எண்பது வருடமாக அமெரிக்காவும் ரஷ்யாவும் நேருக்கு நேர் போரிடவில்லை. சரி, ஆனால் காவல் காத்தது அந்தப் பயம்தானா?

1962 அக்டோபர் 27. கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் மூண்ட நெருக்கடி உச்சத்தில் இருக்கிறது. பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி கடலடியில் பதுங்கியிருக்கிறது. டீசல் கப்பல் அது. மேலே வந்தால்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்ய முடியும். மேலேயோ அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சுற்றி வளைத்து நிற்கின்றன. உள்ளே வெப்பம் 45 டிகிரிக்கு மேல். நம் ஊர்ச் சித்திரை வெயிலைவிட அதிகம், அதுவும் கதவு ஜன்னல் இல்லாத இரும்புக் குழாய்க்குள். மூச்சுக்காற்று கெட்டுப்போய் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். மாஸ்கோவுடன் தொடர்பே இல்லை. அமெரிக்கர்கள் பயிற்சிக் குண்டுகளைப் போடுகிறார்கள், மேலே வா என்று சொல்வதற்காக. உள்ளே இருப்பவனுக்கு அது பயிற்சிக் குண்டு என்று எப்படித் தெரியும்?

மேலே போர் தொடங்கிவிட்டது என்றே கேப்டன் சவீத்ஸ்கி நினைத்தார். அணு டார்ப்பிடோவை, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்துபோய் வெடிக்கும் அணு ஆயுதத்தை, தயார் செய்யச் சொன்னார் என்று அந்தக் கப்பலில் இருந்த ஓர் அதிகாரி பின்னாளில் சொன்னார். அந்த ஒரு டார்ப்பிடோவின் பலம் ஏறக்குறைய ஹிரோஷிமா குண்டின் பலம். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே அமெரிக்கர்களுக்குத் தெரியாது. இதைக் கவனியுங்கள். எதிரியிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது, எதைப் பார்த்துப் பயப்படுவது?

அந்தக் கப்பலில் வசீலி ஆர்கிப்போவ் இருந்தார். அந்தப் படைப்பிரிவின் தலைமை அலுவலர். கேப்டனைச் சமாதானப்படுத்திக் கப்பலை மேலே எழச் செய்தவர் அவர்தான். அதற்கு முந்தைய வருடம்தான் அவர் கே-19 என்ற அணுசக்தி நீர்மூழ்கியில் இருந்தார். அதன் உலை பழுதானபோது, சரிசெய்ய உள்ளே போன இளைஞர்கள் கதிர்வீச்சில் துடித்துச் செத்ததை அறிந்தவர். அன்றைக்குக் கியூபாவை நோக்கி வந்தவை நான்கு நீர்மூழ்கிகள். நான்கிலும் அணு டார்ப்பிடோ இருந்தது. அவர் ஏறியிருந்தது ஒன்றில் மட்டும். வேறொன்றில் ஏறியிருந்தால் என்ற நினைப்பே எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இருபத்தொரு வருடம் கழித்து, 1983 செப்டம்பரில், ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற சோவியத் அதிகாரியின் திரையில் அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. ஆர்கிப்போவ், பெட்ரோவ் இருவருமே 'அடித்தால் அடிப்பேன்' என்ற ஏற்பாட்டின்படி நடக்கவில்லை. அதனால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம், நம் பக்கத்துக்கு வருவோம். 1998 மே மாதம் இந்தியாவின் பொக்ரானிலும் பாகிஸ்தானின் சாகாய் மலையிலும் சோதனை அணுகுண்டுகள் வெடித்தன. இனி இந்தியாவும் பாகிஸ்தானும் போரிடாது என்று அப்போது பலர் நம்பினார்கள். ஒரே வருடத்தில் கார்கில். அணுகுண்டு கையில் இருந்த தைரியத்தில்தான் பாகிஸ்தான் ராணுவம் எல்லை தாண்டிவந்து மலைமேல் உட்கார்ந்தது, இந்தியா பெரிய போருக்கு வராது என்ற கணக்கில். இந்தியத் தரப்பில் மட்டும் 500-க்கு மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். நம் ஊரில் மேஜர் சரவணனின் நினைவிடம் இருக்கிறது. கார்கில் போர்முனையான பட்டாலிக்கில் விழுந்த அவருடைய உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நாம் தினமும் பஸ்ஸிலும் பைக்கிலும் அந்த வழியாகத்தான் போகிறோம். அணுகுண்டு போரைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது.

2022 மார்ச் 9. இந்தியாவிலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு என்ற ஊரில் போய் விழுந்தது. வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. நடந்தது தவறு என்று இந்தியா வெளிப்படையாகச் சொன்னது இரண்டு நாள் கழித்து. பதற்றம் மிகுந்த ஒரு வாரத்தில் இது நடந்திருந்தால்? டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையே ஏவுகணைக்குப் பத்து நிமிடம்கூட வேண்டாம். யோசிப்பதற்கு, போன் போட்டுக் கேட்பதற்கு, ஓர் ஆர்கிப்போவ் மறுத்துப் பேசுவதற்கு அந்த நேரம் போதுமா?

நாளைக்கே எல்லாக் குண்டுகளையும் உடைத்துப்போடுங்கள் என்று சொன்னால் கேட்க ஆளில்லை என்பது எனக்குத் தெரியும். தென்னாப்பிரிக்கா செய்து முடித்த ஆறு குண்டுகளைத் தானாகவே கழற்றிப் போட்டது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நாம் கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது. பாலிஸ்டிக் ஏவுகணை, அதாவது வானில் உயரக் கிளம்பி வளைந்து வந்து விழும் வகை, அதன் சோதனைக்கு முன்பு ஒருவருக்கொருவர் சொல்லிவிட வேண்டும் என்று 2005-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் போட்டன. பிரம்மோஸ் க்ரூஸ் வகை, விமானம்போலத் தாழப் பறந்து போவது. அந்த ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. அதையும் சேருங்கள், தவறு நடந்தால் அந்த நிமிடமே ஹாட்லைனில் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்போம். நடக்காத காரியம் இல்லை. 1992-இலிருந்து ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் இரண்டு நாடுகளும் தங்கள் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன, இவற்றைத் தாக்க மாட்டோம் என்ற ஒப்பந்தப்படி. கார்கில் நடந்த 1999-இலும் கொடுத்தார்கள். அடுத்த ஜனவரியிலும் கொடுத்தார்கள்.